திரையில் வந்த தண்ணீர்

ஸ்டெல்லாவிடம் கைநாட்டு வாங்க மை டப்பாவோடு ஆள் போனது என்று கேள்விப்பட்டபோதுதான் திரிபுரசுந்தரிக்கு உச்சி வரைக்கும் ஏறியது. விபத்து நடந்து அதுவரை ஆன பதினெட்டு நாளும் அவள் கோபமாகத்தான் இருந்தாள். ஆனால் அது எல்லார்மேலும் பங்கு போட்டு வைத்திருந்த கோபம். கம்பெனிமேல் கொஞ்சம், ஆஸ்பத்திரியில் வரிசையைக் கவனிக்காத ஆள்மேல் கொஞ்சம், விஷயம் தெரியாமல் அனுதாபப்பட வந்தவர்கள்மேல் கொஞ்சம். மை டப்பா எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது.

ஸ்டெல்லா ஐ.டி.ஐ. முடித்தவள். மௌலாலியிலிருந்து தினமும் ஷேர் ஆட்டோவில் குஷாய்குடா பக்கத்துத் தொழிற்பேட்டைக்கு வந்து, அந்தச் சின்னக் கம்பெனியின் சோதனை மேடையில் பன்னிரண்டு வருடமாக நிற்கிறவள். மூன்று மொழியில் எழுதுவாள், நாலு மொழியில் திட்டுவாள். லாக் புத்தகத்தில் அவள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இப்போது அவளுடைய வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் கணுவோடு போய்விட்டன. மீதிக் கை கட்டுக்குள் கிடந்தது. பேனா பிடிக்க முடியாது. அதனால் இடது கட்டைவிரலை மையில் அமுக்கி, விசாரணை அறிக்கையின் அடியில் வைக்கச் சொன்னார்கள். அறிக்கையில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, "ஃபார்மாலிட்டி அம்மா" என்றானாம் போனவன். அவள் மாட்டேன் என்று இடக்கையையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டாளாம்.

சுந்தரி மேலாளர் மனோஜின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். இருவரும் பேசினது தெலுங்கில். சண்டை போடுவதற்குத் தெலுங்கு அவளுக்குத் தமிழைவிட நன்றாக வரும்.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவகிட்ட ரேகை வாங்க அனுப்பினீங்களே, வெக்கமா இல்லியா சார்?"

"கையில அடிபட்டிருக்கு மேடம். வேற எப்படி வாங்கறது?"

"ஆறினப்புறம் வாங்குங்க. இப்ப என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போகணும். ஆபரேட்டர் மிஸ்டேக். தெளிவாத்தான் இருக்கு. மெஷின் நிக்கிறதுக்கு முன்னாடி கையை விட்டிருக்கா."

"அவ விடமாட்டா."

"விட்டிருக்காளே மேடம்."

விரல் போனது போனதுதானே. மனோஜ் கெட்டவரும் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் திருப்தியாகப் போகலாம். அந்தப் படிவத்தில் 'காரணமானவர் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பினால் அவருக்குப் போதும். நிரப்பிவிட்டார். ரேகையும் விழுந்துவிட்டால் ஸ்டெல்லாவின் கவனக்குறைவு என்று எழுத்தில் ஏறிவிடும். வேலை போகும். முப்பத்தெட்டு வயதில், இரண்டு விரல் குறைந்த கையோடு, கவனக்குறைவு என்று பேரும் வாங்கினவளைப் பேட்டையில் எந்தப் பட்டறையும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க விடாது.

"ஒரு காப்பி குடுங்க" என்றாள் சுந்தரி.

"எதுக்கு மேடம்?"

"படிக்கத்தான். இங்க யாராவது ஒருத்தராவது படிக்கணுமில்ல?"

அந்த வாக்கியத்தை அவள் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

சுந்தரிக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துரைராஜ் ரயில்பெட்டிப் பட்டறையில் ஃபிட்டர். அவருக்கு முந்தின தலைமுறை அரக்கோணத்திலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்கு வேலைக்காக வந்தது. அதனால் வீட்டில் மட்டும் 'இன்னா' உண்டு, வெளியே ஆமாம் என்பதற்கு ஹவ்வும், இல்லை, வேண்டாம் என்பதற்கு நக்கோவும். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து இந்தக் கம்பெனியில் ஈயம் வைத்து ஒட்டும் மேஜையில் சேர்ந்தாள். பக்கத்தில் கிடந்த புத்தகங்களைப் பார்த்து சி மொழியைத் தானே படித்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனி விற்ற ஒவ்வொரு இயந்திரத்துக்கும் நடக்கவும் நிற்கவும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பேச்சு கறார். இரண்டு தடவை ராஜினாமா எழுதிக்கொடுத்து, இரண்டு தடவையும் முதலாளியே கிழித்துப்போட்டார். அவள் படியேறி வருகிற சத்தம் கேட்டால், "ஹெல்மெட் போட்டுக்க, சுந்தரி மேடம் வர்றாங்க" என்பார்கள். அது அவள் காதுக்கும் வரும். உள்ளுக்குள் பிடிக்கவும் செய்யும்.

அவள் செய்த வேலை என்னவென்று சொல்லாவிட்டால் மீதிக் கதை விளங்காது. வண்டி எஞ்சினுக்கு அடியில் வைக்கிற ரப்பர் கட்டையை லட்சம் முறை அழுத்திப் பார்க்கும் இயந்திரம் அது. காற்று வந்தால் தட்டு கீழே அழுத்தும். காற்று போனால் ஸ்பிரிங் அதை மேலே தூக்கிக்கொள்ளும். எவ்வளவு காற்று என்பதை ஒரு வால்வு பார்த்துக்கொள்கிறது. அந்த வால்வுக்கு வோல்ட்டேஜ்தான் புரியும். கம்ப்யூட்டருக்கோ எண்தான் தெரியும். நடுவில் எண்ணை வாங்கி வோல்ட்டேஜாகக் கொடுக்க, நகத்தளவு ஒரு சில்லு. டாக் என்பார்கள்.

ஒவ்வொரு தடவையும் அந்தச் சில்லுக்குப் பதினாறு பிட் அனுப்ப வேண்டும். சுந்தரி ரயில்வே வீட்டுப் பெண் அல்லவா, அதைப் பதினாறு பெட்டி ரயிலாகத்தான் பார்த்தாள். முதல் நாலு பெட்டியில் உத்தரவு, மீதிப் பன்னிரண்டில் அளவு. 'எழுது, உடனே வெளியே விடு' என்ற உத்தரவுக்கு எண் மூன்று. அளவு பூஜ்யத்திலிருந்து நாலாயிரத்துத் தொண்ணூற்றைந்து வரை போகலாம், அதற்கு மேல் இடமில்லை. ஆரம்ப காலத்தில் ஒருநாள் கணக்கில் ஒன்று கூடிப்போய் அளவு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு ஆகிவிட்டது. அவளோ உத்தரவையும் அளவையும் வெறுமே கூட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள். கூடுதலான அந்த ஒன்று உத்தரவுப் பெட்டிக்குள் ஏறி, மூன்றை நாலாக்கியது. நாலு என்றால் அந்தச் சில்லுக்குத் 'தூங்கு'. சோதனையின் நடுவில் சில்லு நிம்மதியாகத் தூங்கிவிட்டது. எட்டு நாள் தேடிக் கண்டுபிடித்தாள். அதற்கப்புறம் பன்னிரண்டு பெட்டிக்கு மேல் எது நீட்டிக்கொண்டிருந்தாலும் முதலில் ஒரு மாஸ்க்கை வைத்து வெட்டிவிடுவாள். பிறகுதான் உத்தரவைக் கோப்பாள், கூட்ட மாட்டாள்.

சில்லுக்கு இன்னொரு குணம் உண்டு. கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். சொன்ன புரோகிராம் பாதியில் செத்தாலும் அதற்குக் கவலையில்லை. ஐந்து வோல்ட் கொடு என்று சொல்லிவிட்டுப் புரோகிராம் போய்ச் சேர்ந்தால், யாராவது வேறு சொல்கிறவரை, இல்லை மின்சாரத்தைப் பிடுங்குகிறவரை, ஐந்து வோல்ட் கொடுத்துக்கொண்டே கிடக்கும். வால்வு திறந்தபடி நிற்கும், தட்டு அழுத்தியபடி நிற்கும்.

இதற்காகத்தான் சிக்னல். திரையில் ஆபரேட்டர் நிறுத்து பட்டனை அழுத்தினால், லினக்ஸ் அந்தப் புரோகிராமுக்குப் பதினைந்தாம் எண் சிக்னலை அனுப்பும். ஒன்பதாம் எண் என்றால் கழுத்தை நெரிப்பது, ஒரு வார்த்தை பேச விடாது. பதினைந்து என்றால் கிளம்பு என்று சொல்வது. கிளம்புகிறவன் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகலாம். சுந்தரி அந்தச் சிக்னலைப் பிடித்து ஒரு கொடியை மட்டும் தூக்க வைத்தாள். கொடியைப் பார்த்ததும் புரோகிராம் தன் சுற்றை விட்டு வெளியே வரும். வெளியே வந்ததும் இரண்டு வரி. முதல் வரி திரையில் ஒரு வார்த்தையைக் காட்டும். இரண்டாம் வரி சில்லுக்குப் பூஜ்யம் அனுப்பும்.

அந்தப் பூஜ்யம் அனுப்புகிற துண்டுக்குப் பெயர் வைக்கும்போதுதான் வினை. ஸ்டாப் என்று வைத்தாள். டைமரோடு வந்த புரோகிராம் நூலகத்தில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தது. ஹால்ட் என்று வைத்தாள். அதுவும் வேறொருவனுக்குச் சொந்தம். மூன்றாம் தடவையும், எழுதினதை இயந்திர மொழியாக்குகிற கம்பைலர் சண்டைக்கு வந்தது. எரிச்சலில், எவனும் வைத்திருக்க மாட்டான் என்று, 'நில்லு' என ஆங்கில எழுத்தில் அடித்தாள். என், ஐ, இரண்டு எல், யு. கம்பைலர் வாயை மூடிக்கொண்டது. திரையில் காட்டுவதற்கும் அதே வார்த்தையைப் போட்டாள். பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

மேடையில் நின்ற மற்றவர்களுக்கு அது ஏதோ எழுத்துக்கூட்டம். தமிழ் தெரிந்த ஸ்டெல்லா ஒருத்திக்குத்தான் அது வார்த்தை. முதல் தடவை திரையில் பார்த்தபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கப்புறம் அதுவே அவளுடைய விதியாகிவிட்டது. பட்டனை அழுத்துவாள், நில்லு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள், வந்த பிறகுதான் தொடுவாள். புதிதாக வருகிற பெண்களுக்கும் அதைத்தான் சொல்வாள். பதினொரு வருடம் ஒரு கீறல் இல்லை.

விபத்து நடந்த அன்றைக்கு ரப்பர் கட்டை ஒன்று திருகிக்கொண்டு, தட்டு சாய்ந்து பாதியில் சிக்கியது. ஸ்டெல்லா பட்டனை அழுத்தினாள். கொஞ்சம் நின்றாள். தட்டு மேலே போகவில்லை; சிக்கின தட்டு எப்படிப் போகும் என்று நினைத்திருப்பாள். கட்டையை உருவினாள். உள்ளே ஆறு பார் காற்றழுத்தம் அப்படியே இருந்தது; சிக்கல் விட்டதும் தட்டு அவள் விரல்மேல் இறங்கியது.

காற்றையே அறுத்துவிடும் சிவப்பு பட்டன் ஒன்று உண்டு. அதை ஏன் அழுத்தவில்லை என்று அறிக்கையில் கேட்டிருந்தார்கள். அதை அழுத்தினால் மறுபடி காற்று ஏற இருபது நிமிடம், 'மிக அவசரத்துக்கு மட்டும்' என்று அதன்மேல் ஒட்டிவைத்ததும் இதே புண்ணியவான்கள்தான். சுந்தரி அந்த இடத்தைப் படிக்கும்போது காகிதம் கையில் கசங்கியது.

அவள் படித்தது மாடியில், தன் புது மேஜையில். ஆறு மாதத்துக்கு முன் அவளை அங்கே தூக்கி வைத்திருந்தார்கள். இனி சாய்கிருஷ்ணா புரோகிராமைப் பார்த்துக்கொள்வான், நீங்கள் மேனுவல் எழுதுங்கள் என்று. சாய்கிருஷ்ணாவுக்கு இருபத்தொன்பது வயது, கொண்டாப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வருகிறவன், மரியாதையான பையன். அவனை வெறுக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதனால் காரணமில்லாமல் வெறுத்தாள்.

அறிக்கையின் மூன்றாம் பக்கத்தில் ஸ்டெல்லாவின் வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருந்தது. மனிதவளப் பிரிவு கிருஷ்ணகுமார் அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டது. 'திரையில் தண்ணீர் வந்ததாகவும், அதன் பிறகே கையை உள்ளே விட்டதாகவும் ஆபரேட்டர் கூறுகிறார். சம்பவ இடத்தில் தண்ணீர் எதுவும் காணப்படவில்லை. வாக்குமூலம் நம்பத்தகுந்ததாக இல்லை.'

சுந்தரி அதை மூன்று தடவை படித்தாள். பிறகு ஸ்டெல்லாவுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி, கிருஷ்ணகுமார்கிட்ட தண்ணின்னு எதாவது சொன்னியா?"

"தண்ணியா? நக்கோ அக்கா. நான் எதுக்கு தண்ணின்னு சொல்றேன்?"

"இன்னா சொன்னே? அப்படியே சொல்லு. அன்னிக்குச் சொன்ன மாதிரியே."

"ஆஸ்பத்திரி பெட்ல வந்து கேட்டார். ஹிந்தில கேட்டார், நானும் ஹிந்தில சொன்னேன். ஸ்க்ரீன் பே நில்லு ஆயா, உஸ்கே பாத் ஹீ ஹாத் டாலா சாப்னு. ஸ்க்ரீன்ல நில்லு வந்தப்புறம்தான் கையை விட்டேன்னு சொன்னேன். ஏன் அக்கா?"

"நில்லு வந்துச்சா? நிஜமா வந்துச்சா?"

"ஹவ் அக்கா. கண்ணால பாத்தேன். ஆனா இப்ப எனக்கே டவுட்டா இருக்கு. வராமயே வந்ததா நெனச்சுட்டேனோன்னு."

சுந்தரி போனை வைத்தாள். தெலுங்கில் தண்ணீருக்கு நீள்ளு. கிருஷ்ணகுமார் காதில் விழுந்தது அது. அவள் மகள் ரஞ்சனா நாலு வயதில் ரோட்டைப் பார்த்து ஓடியபோது, சுந்தரி வாசலிலிருந்து நில்லு நில்லு என்று கத்த, எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள். இன்றைக்கும் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இப்போது சிரிப்பு வரவில்லை. ஒருத்தன் காதில் தண்ணீராக விழுந்தால், இன்னொருத்தன் கண்ணிலும் அப்படியே விழுந்திருக்குமே என்று தோன்றியது.

கம்ப்யூட்டரில் புரோகிராமின் மாற்றப் பதிவுகளைத் திறந்தாள். புது மாடலுக்காகப் பழைய புரோகிராமைச் சாய்கிருஷ்ணா சுத்தம் செய்திருந்தான். பழைய மாடல் எண்ணெய் அழுத்தத்தில் ஓடினது. அந்த எண்ணெயைக் குளிரவைக்கத் தண்ணீர் பம்பு உண்டு. புதியதில் காற்றுதான், தண்ணீரே கிடையாது. பம்பு வரிகளையெல்லாம் எடுத்திருந்தான். அவற்றோடு கடைசியில், சில்லுக்குப் பூஜ்யம் அனுப்புகிற நில்லு வரியும் போயிருந்தது. பக்கத்தில் பொறுப்பாகக் காரணமும் எழுதியிருந்தான்: 'தண்ணீர் அழைப்பு நீக்கம். புது மாடலில் தேவையில்லை.' திரையில் வார்த்தையைக் காட்டுகிற முந்தின வரியை மட்டும் விட்டுவைத்திருந்தான். அது யாரையும் ஒன்றும் செய்யாது என்று நினைத்திருப்பான்.

ஆக, பட்டனை அழுத்தினால் திரை நில்லு என்று சொல்லும். எதுவும் நிற்காது. சோதனை முழுசாக முடிந்தால் அழுத்தம் தானே பூஜ்யத்துக்கு வந்துவிடும் என்பதால் ஆறு வாரமாக ஒருவருக்கும் தெரியவில்லை. பாதியில் முதலில் நிறுத்தினவள் ஸ்டெல்லா.

சுந்தரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பாவி, உள்ளே எட்டிப் பார்க்கக்கூடவா தோன்றவில்லை, ஒரே ஒரு வரிதானே என்று, கீழே போய் அவனை நாலு பேர் முன்னால் உரித்துத் தொங்கவிடும் வார்த்தைகளைத் தெலுங்கில் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே, பதிவை அச்செடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் அடிவரி கண்ணில் பட்டது.

'அனுப்பியது: 11.20. பார்த்து ஒப்புதல் அளித்தவர்: திரிபுரசுந்தரி, 11.21.'

அவள் உட்கார்ந்தாள்.

அந்த நாள் நினைவுக்கு வந்தது. மேனுவலில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று மனோஜ் திருப்பி அனுப்பியிருந்தார். அந்தக் கடுப்பில் உட்கார்ந்திருந்தபோது சாய்கிருஷ்ணாவின் வேண்டுகோள் வந்தது: தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள், மேடம். அறுபத்தொரு கோப்பு. என்னைத் தூக்கி மாடியில் போட்டீர்களே, இப்போது பார்த்துச் சொல்ல மட்டும் நான் வேண்டுமா, அவனே பார்த்துக்கட்டும் என்று ஒரு கோப்பையும் திறக்காமல் பட்டனைத் தட்டினாள். தட்டியதில் ஒரு திருப்திகூட இருந்தது. எரியட்டும் என்று வாய்விட்டே சொன்னது நினைவிருந்தது.

பதினெட்டு நாளாக ஊரையே திட்டித் தீர்த்தாயிற்று. தன்னைத் திட்டிக்கொள்ள எந்த மொழியும் போதவில்லை. மேஜைமேல் இருந்த மேனுவலை எடுத்துச் சுவரில் வீசினாள். அடுத்த மேஜைக்காரர் எழுந்து வெளியே போனார்.

கீழே சாய்கிருஷ்ணாவிடம் அச்செடுத்த தாளை நீட்டியபோது அவள் குரல் உயரவில்லை. அதுவே அவனைப் பயமுறுத்தியது.

"இது தண்ணி இல்லை. தமிழ். ஸ்டாப்புன்னு அர்த்தம்."

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது. "நீள்ளு கதா மேடம், தண்ணிதானே?" என்றான், சின்னப் பிள்ளை மாதிரி. பழைய மாடலில் தண்ணீர் இருந்ததே, அதனால்தான் என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"உங்களுக்கு அனுப்பினேன் மேடம். கிழிகிழின்னு கிழிப்பீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு நிமிஷத்துல அப்ரூவ்டுன்னு வந்துச்சு. அப்ப சரியாத்தான் செஞ்சிருக்கேன்னு நினைச்சேன்."

அவன் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னான். அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு படியேறினாள்.

மறுநாள் காலையில் மனோஜை மேடைக்கு இழுத்து வந்தாள். கிருஷ்ணகுமாரும் வந்தார். ரப்பரும் காற்றும் இல்லாமல் சில்லின் காலில் மீட்டரை மட்டும் மாட்டினாள். அளவை இரண்டாயிரத்து நாற்பத்தெட்டில் வைத்தாள். மீட்டர் ஐந்து வோல்ட் காட்டியது. நிறுத்து பட்டனை அழுத்தினாள். திரையில் நில்லு வந்தது. புரோகிராம் முடிந்தது. மீட்டரில் ஐந்து வோல்ட் அப்படியே இருந்தது.

"இந்த வார்த்தை என்னன்னு இவர்கிட்ட கேளுங்க" என்றாள், கிருஷ்ணகுமாரைக் காட்டி.

அவர் திரைக்கு அருகே போய் எழுத்துக் கூட்டிப் படித்தார். "நீள்ளு... தண்ணி."

"தண்ணி வந்துடுச்சு பாருங்க. எழுதிக்குங்க."

கிருஷ்ணகுமாருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் தலையைக் குனிந்துகொண்டார். சுந்தரி பழைய வரியைத் திரும்பச் சேர்த்து ஓட்டினாள். இந்தத் தடவை பட்டனை அழுத்தியதும் முள் பூஜ்யத்துக்குச் சரிந்தது. மனோஜ் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சரி மேடம். சாஃப்ட்வேர் கோளாறுன்னு போட்டுடலாம். ஸ்டெல்லா பேரை எடுத்துடறேன்."

"காரணமானவர் பேருன்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல யாரு?"

"காலியா விட்டா திருப்பி அனுப்புவாங்க." அவர் கண் சாய்கிருஷ்ணாவின் நாற்காலிப் பக்கம் போய் வந்தது.

"அவ பேரை எழுதறப்ப கை நடுங்கல, இல்ல? இப்ப என் பேரை எழுதுங்க. அவன் தப்பா புரிஞ்சுக்கிட்டு எடுத்தான், அதையும் எழுதுங்க. பேரு வெச்சவ விளக்கம் எழுதல. திரையில காட்டிட்டு அப்புறம் நிறுத்தற மாதிரி எழுதிட்டா; நிறுத்திட்டுத்தான் காட்டியிருக்கணும். பாருன்னு அனுப்பினதைப் பாக்காம ஒப்புதல் குடுத்துட்டா. மூணும் நான்."

"இருபத்திரண்டு வருஷம் மேடம். யோசிச்சுச் சொல்லுங்க. இது ஃபைல்ல நிக்கும்."

"நிக்கட்டும் சார். எதாவது ஒண்ணாவது நிக்கட்டும் இந்தக் கம்பெனியில."

அன்று மாலையே புது அறிக்கை தயாரானது. அதை எடுத்துக்கொண்டு, மை டப்பா இல்லாமல், சுந்தரியே மௌலாலிக்குப் போனாள். ஆட்டோவில் போகும்போது என்ன சொல்லவேண்டும் என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்க யோசிக்க மறுபடி யார்மேலாவது கோபம் வந்தது. டிரைவர் தவறான சந்தில் திருப்பினதற்கு அவனைப் பிடி பிடியென்று பிடித்தாள்.

ஸ்டெல்லா கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கட்டுப் போட்ட கை மடியில் தலையணைமேல் இருந்தது. சுந்தரி அறிக்கையை அவள் பக்கத்தில் வைத்து, வந்த விஷயத்தைச் சொன்னாள். நில்லு வந்தது நிஜம், நீ சரியாகத்தான் படித்தாய், நிறுத்துகிற வரியை எடுத்துவிட்டிருந்தார்கள் என்று. அதோடு நிறுத்திக்கொண்டாள். மீதி காகிதத்திலேயே இருந்தது.

ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டாள். "பத்தொன்பது நாளா எனக்குப் பைத்தியம் புடிச்சுடுச்சோன்னு இருந்தேன் அக்கா. வந்துச்சா வரலியான்னு கனவுல எல்லாம் அதான்." இடக்கையால் முகத்தைத் துடைத்தாள். "குடுங்க, பேனா குடுங்க."

சுந்தரி பேனாவைத் திறந்து நீட்டினாள். ஸ்டெல்லா வாங்கிக்கொண்டாள். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அறிக்கையை முழங்கால்மேல் வைத்து முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள். சுந்தரிக்கு அந்த நாலு பக்கம் நாற்பது பக்கமாக நீண்டது. உள்ளறையில் குக்கர் இரண்டு விசில் அடித்து ஓய்ந்தது. மூன்றாம் பக்கத்தில் ஸ்டெல்லாவின் கண் ஓர் இடத்தில் நின்றது. அதே வரியை மறுபடி படித்தாள்.

"இது நிஜமா?"

"ஹவ்."

"தொறந்துகூடப் பாக்கலியா?"

"இல்லடி."

"ஏன் அக்கா?"

"கோவம்."

"யார் மேல?"

"உன்மேல இல்ல" என்றாள் சுந்தரி. சொன்ன பிறகு அது எவ்வளவு கேவலமான பதில் என்று அவளுக்கே தெரிந்தது.

ஸ்டெல்லா தாளைத் திருப்பினாள். நாலாம் பக்கத்தையும் கடைசிவரை படித்தாள். பிறகு தாளை நேராக வைத்து, இடக்கையால் எழுத ஆரம்பித்தாள். எழுத்து கோணிக்கோணிப் போனது. நடுவில் பேனா வழுக்கியது. சுந்தரி தாளைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். ஸ்டெல்லா கட்டுப் போட்ட கையின் மணிக்கட்டாலேயே தாளை அழுத்திக்கொண்டு, ஓர் எழுத்து விடாமல் தன் முழுப் பெயரையும் எழுதி முடித்தாள். பேனாவை மூடி, காகிதத்தோடு சேர்த்து நீட்டினாள்.

"நான் படிச்சுட்டுத்தான் போட்டிருக்கேன் அக்கா" என்றாள்.